பாரவண்டி தடுமாறாதிருத்தற்கு நெற்செய்கையாளரும் மரக்கறிச் செய்கையாளரும் அறியவேண்டியவை



நிலத்தைப் பண்படுத்தி, விதைத்து, நீர் பாய்ச்சி, களை பிடுங்கி, பன்றிக்கும் யானைக்கும் இரவெல்லாம் காவலிருந்து, மூன்று நான்கு மாதம் உழைத்துப் பெற்ற விளைவு, வயலிலிருந்து களஞ்சியத்துக்கோ சந்தைக்கோ செல்லும் வழியில் ஒரு நொடியில் வாய்க்காலுக்குட் கவிழ்ந்துவிடுதல் கூடும். கவிழும் வண்டியோடு ஓட்டுநரும், மூட்டைகளின்மேல் அமர்ந்து வந்தோரும் வீழ்வர். சிந்திய நெல்லை அள்ளிக்கொள்ளலாம். போன உயிரை மீட்டல் இயலாது. ஆதலின் பாரம் ஏற்றுதலையும், ஏற்றிய வண்டியைச் செலுத்துதலையும் பயிர்த்தொழிலின் ஒரு கூறாகவே நாம் கருதுதல் வேண்டும்.

திருகோணமலை மாவட்டத்திற் கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல் முதலிய பகுதிகளின் நெல் பெரும்போக முடிவிலும் சிறுபோக முடிவிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வீதிக்கு வருகின்றது. நிலாவெளி, குச்சவெளி முதலிய கரையோர மணல் நிலங்களின் மரக்கறியும் வத்தகப்பழமும் திருகோணமலை நகருக்கும், ஹபரணை வழியாகத் தம்புள்ளைச் சந்தைக்கும் செல்கின்றன. இவற்றை ஏற்றிச் செல்வன இருசில்லு உழவு இயந்திரம், நான்குசில்லு உழவு இயந்திரம், பட்டா எனப்படும் சிறு லொறி, வான், கார், ஓட்டோ எனப் பலவாம். இவை யாவும் வெறுமையாக ஓடும்போது ஒரு குணமும், பாரம் ஏற்றியபின் வேறொரு குணமும் உடையன. அக்குணம் மாறுதற்குப் பாரத்தின் அளவு ஒரு காரணமாகும். பாரம் வைக்கப்பட்ட இடமும், அதன் உயரமும், அது கட்டப்பட்ட முறையும் அதனினும் பெரிய காரணங்களாகும். ஒரே வண்டியில் ஒரே அளவு மூட்டைகளை ஒருவர் ஏற்றினால் வண்டி நேராகச் செல்வதும், மற்றொருவர் ஏற்றினால் நெளிந்து செல்வதும் இதனாலேயே.

1. முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டில் ஓட்டிய நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். மூட்டைகளை அச்சுக்கு முன்னே அளவுக்கு மீறி அடுக்கினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். அச்சுக்குப் பின்னே மிகுதியாக அடுக்கினால் நுகம் மேலெழுந்து, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், அது பின்பாரம். ஆதலின் அவர்கள் மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, நுகம் கழுத்தில் மெல்லெனப் பதியுமாறு செய்தபின்னரே மாட்டை அதட்டினர். மோட்டார் வாகனத்தில் நுகமும் இல்லை, மாடும் இல்லை. ஆயினும் முன்பாரமும் பின்பாரமும் உள்ளன. மாடு தலையை அசைத்து உணர்த்திவிடும். இயந்திரம் வளைவிற் செல்லும்போதே உணர்த்தும்.

நான்கு சில்லு வாகனமொன்றின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 6 அடி தூரம் எனக் கொள்ளுங்கள். 300 கிலோ பாரத்தைப் பின்னச்சுக்கு 1½ அடி பின்னே வைத்தால், பின்னச்சின்மேல் 300 கிலோ மட்டும் ஏறுவதில்லை. 375 கிலோ ஏறுகின்றது. மிகுந்த 75 கிலோவும் முன்னச்சிலிருந்து வந்ததாகும். பின்னச்சைத் தாங்கியாகக் கொண்ட துலாவைப்போல வாகனம் இயங்கி, முன்சில்லுகளைச் சிறிது மேலே தூக்குகின்றது. அதே 300 கிலோவைப் பின்னச்சுக்கு 1½ அடி முன்னே வைத்தால், பின்னச்சில் 225 கிலோவும் முன்னச்சில் 75 கிலோவும் ஏறும். மூட்டைகள் நகர்ந்த தூரம் 3 அடியே. முன்சில்லுகளின்மேற் பாரத்தில் உண்டாகும் வேறுபாடு 150 கிலோவாகும்.

வாகனத்தைத் திருப்புவன முன்சில்லுகள். பிறேக் பிடிக்கும்போது பெரும்பங்கு தாங்குவனவும் அவையே. அவற்றின்மேற் பாரம் குறையுமாயின் அவை நிலத்தை இறுகப் பற்றா. சுக்கான் கைக்கு இலேசாகத் தோன்றும். திருப்பினாலும் வாகனம் சற்றுத் தாமதித்தே திரும்பும். கனத்த பின்புறமோ வளைவில் வெளிப்பக்கமாக வீசப்படும். அந்நேரம் ஓட்டுநர் அஞ்சிச் சடுதியாகப் பிறேக்கை மிதித்தால், வீச்சு மேலும் மிகுந்து வாகனம் குறுக்காகத் திரும்பிவிடும். காரின் பின்பெட்டியில் வெங்காய மூட்டைகளை அடைத்துச் செல்வோரும், வானின் பின்கதவைத் திறந்து மூட்டைகள் வெளியே நீட்டி நிற்க ஏற்றிச் செல்வோரும் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

பின்பாரத்தை அறிதற்குக் கருவி வேண்டியதில்லை. வாகனத்தைச் சமதரையில் நிறுத்திப் பக்கத்தே சற்று விலகி நின்று பாருங்கள். பின்புறம் தாழ்ந்து முன்புறம் உயர்ந்திருப்பின் அது பின்பாரமாம். இரவில் முன்விளக்கின் ஒளி வீதியில் விழாது மர உச்சியில் விழுவதும், எதிரே வருவோர் கண்கூசி விளக்கை மினுக்குவதும் அதன் அடையாளங்களே. பின்வில்லுகள் முற்றாகத் தட்டையாகியிருப்பின் வாகனம் குழியில் விழும்போது தாங்குதற்கு எதுவும் எஞ்சியிராது.

கனமானவற்றை இரு அச்சுகளுக்கும் இடையிலும், முன்தடுப்பை ஒட்டியும் முதலில் அடுக்குங்கள். இலேசானவற்றைப் பின்னே வையுங்கள். பூசணி மூட்டை முன்னும், வெண்டிக் கூடை பின்னும் இருத்தல் முறையாகும். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் பாரம் ஒத்திருத்தல் வேண்டும்.

2. அடுக்கின் உயரம்

ஒரு நூலின் நுனியிற் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் அது நேர்கீழே நிற்கும். பாரம் ஏற்றிய வண்டியின் நிறையெல்லாம் ஒன்றுகூடும் நடுப்புள்ளியிலிருந்து அத்தகைய நூல் தொங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்நூல் இருபக்கச் சில்லுகளுக்கும் இடையே விழும்வரை வண்டி நிற்கும். ஒரு பக்கச் சில்லைக் கடந்து வெளியே விழுமாயின் வண்டி கவிழும். அடுக்கு உயர உயர அப்புள்ளியும் உயரும். புள்ளி உயர்ந்தால் சிறு சாய்விலேயே நூல் வெளியே விழும்.

உழவு இயந்திரப் பெட்டியொன்றின் இரு சில்லுகளுக்கும் இடையே 5 அடி அகலம் எனக் கொள்வோம். இரண்டு அடுக்கு மூட்டைகளோடு நிறையின் நடுப்புள்ளி நிலத்திலிருந்து 3½ அடியில் இருக்குமாயின், ஒரு பக்கச் சில்லு மற்றதைவிட ஏறக்குறைய 3 அடி உயர்ந்தாலன்றி நிற்கும் பெட்டி கவியாது. மேலும் மேலும் அடுக்கி அப்புள்ளியை 5 அடிக்கு உயர்த்தினால், 2¼ அடி உயர்வே கவிழ்த்தற்குப் போதுமானது. இக்கணக்கு அசையாது நிற்கும் பெட்டிக்கு உரியது. ஓடும் பெட்டியில் தாழ்ந்த பக்கத்து டயர் நசியும், உயர்ந்த பக்கம் துள்ளும், மூட்டைகளும் சரியும். ஆதலின் வரம்பு கடக்கும்போதும் குழியில் இறங்கும்போதும் இதனினும் மிகச் சிறிய சாய்விலேயே ஆபத்து நேரும்.

வளைவில் வண்டியை வெளிப்புறம் தள்ளும் விசை வேகத்தோடு எவ்வாறு கூடுகின்றதென்பதையும் அறிதல் வேண்டும். வேகம் இரட்டித்தால் அவ்விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகின்றது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் அமைதியாகத் திரும்பிய வளைவில் 40 கிலோமீற்றர் வேகத்திற் சென்றால் நான்கு மடங்கு தள்ளுகை உண்டு. பிறேக் பிடித்தபின் நிற்க எடுக்கும் தூரமும் அவ்வாறே நான்கு மடங்காகும். வைக்கோலை உயரமாக ஏற்றுவோர், நிறை குறைவென்று எண்ணி வேகமாகச் செல்லுதல் தவறு. வைக்கோல் இலேசாயினும் உயரமானது, காற்றையும் வாங்குவது.

3. அசையும் பாரம்

திருகோணமலைத் துறைமுகத்தைக் கண்ட நீங்கள் கப்பலிற் சரக்கேற்றும் ஒழுங்கையும் கேள்வியுற்றிருப்பீர்கள். மூட்டையிடாத தானியத்தைக் கப்பலின் அறையிற் கொட்டினால் அது அலையில் ஒருபக்கமாகச் சரிந்து கப்பலையே கவிழ்த்துவிடக்கூடும். ஆதலின் தானியக் கப்பல்களுக்கென உலக நாடுகள் தனி விதிகளை வகுத்துள்ளன. அறையை விளிம்புவரை நிரப்பி மட்டஞ்செய்தல், தடுப்பு அமைத்தல் முதலியன அவ்விதிகளின் உட்பொருளாம்.

அறுவடை இயந்திரத்திலிருந்து நேரே பெட்டிக்குட் கொட்டப்படும் நெல்லும் அவ்வாறே சரிவது. பெட்டி அரைவாசி நிரம்பியிருப்பின் சரிதற்கு இடம் மிகுதி. ஆகையால் நெல்லைக் குவியலாக விடாது மட்டமாகப் பரப்பி, படங்கால் மூடி இறுகக் கட்டுங்கள். இயலுமாயின் பெட்டியின் நடுவே பலகை நிறுத்தி இரு அறைகளாக்குங்கள்.

வத்தகப்பழமும் பூசணியும் உருள்வன. வளைவில் எல்லாம் ஒரே பக்கம் உருளுமாயின் பாரத்தின் அரைப்பங்கு இடம்பெயர்ந்ததாகிவிடும். அடியில் வைக்கோல் பரப்பி, பழங்களுக்கு இடையிலும் வைக்கோல் திணித்து, இடைவெளி இன்றி அடுக்குங்கள். பழமும் நசியாது, வண்டியும் தடுமாறாது. மூட்டைகளைச் செங்கல் அடுக்குவதுபோல, மேல்வரிசை மூட்டை கீழ்வரிசையின் இரு மூட்டைகளின்மேற் படியுமாறு அடுக்கினால் அவை ஒன்றையொன்று பற்றும். கயிற்றை மேலால் மட்டும் போடாது, குறுக்கும் மறுக்குமாக இழுத்துப் பெட்டியின் வளையங்களிற் கட்டுங்கள். புறப்பட்டு 2 கிலோமீற்றர் சென்றதும் நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். அதிர்வால் மூட்டைகள் அடங்கியபின் கயிறு தளர்ந்திருக்கும்.

4. பாரத்தின் அளவும் டயரும்

ஒவ்வொரு வாகனத்துக்கும் அது தாங்கக்கூடிய பாரம் வரையறுக்கப்பட்டுள்ளது. மூட்டை எண்ணிக்கையை மட்டும் கொண்டு பாரத்தை மதிப்பிடுதல் போதாது. ஒரு புசல் நெல் 46 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 21 கிலோவாகும். மூன்று புசல் கொண்ட மூட்டை 62 கிலோவுக்குச் சற்று மேற்படும். 750 கிலோ ஏற்றத்தக்க சிறு லொறிக்கு அத்தகைய 12 மூட்டைகளே நிறைந்த எல்லையாம். 20 மூட்டைகளை ஏற்றினால் 1,250 கிலோவாகும். லொறி ஓடத்தான் செய்யும். நிறுத்தவேண்டிய இடத்தில் நிற்குமா என்பதே கேள்வி.

நெல்லின் ஈரத்தையும் கணக்கிற் கொள்ளுங்கள். நூற்றுக்கு 22 பங்கு ஈரமுள்ள 1,000 கிலோ நெல், களஞ்சியத்துக்கு உரிய 14 பங்கு ஈரம்வரை உலர்ந்தபின் ஏறக்குறைய 907 கிலோவாகக் குறையும். அவ்வாறாயின் வயலிலிருந்து ஈரநெல் ஏற்றும் நாளில் 93 கிலோ நீரையும் நீங்கள் சுமந்து செல்கின்றீர்கள். உலர்ந்த நெல்லில் ஏற்றும் அதே எண்ணிக்கை மூட்டைகளை ஈரநெல்லில் ஏற்றுதல் கூடாது.

டயரிற் காற்றுக் குறைந்திருப்பின் அதன் பக்கச்சுவர் வளைந்து நெளியும். வாகனம் பக்கவாட்டில் ஆடும். டயர் சூடேறி வெடித்தலும் கூடும். காற்றின் அளவைக் காலையில், வாகனம் ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்தல் வேண்டும். பாரத்தோடு செல்லுதற்கு வாகனக் கைந்நூலிற் குறித்த அளவையே நிரப்புங்கள். உழவு இயந்திரத்தை வயலில் ஓட்டுதற்காகக் காற்றைக் குறைத்திருப்பின், வீதியில் ஏறுமுன் மீண்டும் நிரப்புதல் இன்றியமையாதது. பெட்டியின் இரு டயர்களும் ஒத்த அளவினவாயும் ஒத்த காற்றுடையனவாயும் இருத்தல் வேண்டும்.

5. இருசில்லு உழவு இயந்திரமும் பெட்டியும்

கமக்காரர் ‘லாண்ட்மாஸ்டர்’ என்றே வழங்கும் இருசில்லு உழவு இயந்திரம் நமது மாவட்டத்திற் சிறு கமக்காரரின் உழவுமாடும் வண்டிலும் ஆகும். இதன் ஒரு குணத்தை நன்கு அறியாமையால் பழகிய ஓட்டுநரும் இடர்ப்படுவர். ஆதலின் இப்பகுதியை ஆறுதலாகப் படியுங்கள். எழுத்தறியாதார்க்கு வாசித்தும் காட்டுங்கள்.

இவ்வியந்திரத்தின் இரு கைபிடிகளின் கீழும் இரு திருப்பற் கிளச்சுகள் உள்ளன. சமதரையில் இடக்கைக் கிளச்சை அழுத்தினால், இடச்சில்லுக்குச் செல்லும் இயந்திர விசை நிற்கும். வலச்சில்லு மட்டும் உந்துவதால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இது யாவரும் அறிந்ததே.

இனி, நெல் ஏற்றிய பெட்டியோடு குளக்கட்டிலிருந்தோ பாலத்தின் ஏற்றத்திலிருந்தோ இறங்குகின்றீர்கள் எனக் கொள்ளுங்கள். இப்போது இயந்திரம் பெட்டியை இழுப்பதில்லை. பெட்டியே இயந்திரத்தைத் தள்ளுகின்றது. இயந்திரம் இரு சில்லுகளையும் பின்னே பிடித்து வேகத்தை அடக்குகின்றது. இந்நிலையில் இடக்கைக் கிளச்சை அழுத்தினால், இடச்சில்லு பிடியிலிருந்து விடுபட்டுத் தடையின்றி உருளும். வலச்சில்லு மட்டும் அடக்கப்பட்டு நிற்கும். அதனால் இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் திரும்ப எண்ணியவர் வலப்பக்கம் இழுக்கப்படுவார். அவர் திகைத்து, இன்னும் போதவில்லையென எண்ணிக் கிளச்சை மேலும் இறுக அழுத்துவார். இயந்திரம் மேலும் வலப்பக்கம் பாயும். பின்னே வரும் ஆயிரம் கிலோ பெட்டி அதனை மடித்துக் குப்புறத் தள்ளும்.

இறக்கத்தில் இம்முறைகளைக் கைக்கொள்ளுங்கள்:

இறங்கத் தொடங்குமுன்பே நிறுத்தி, தாழ்ந்த கியரைப் போடுங்கள். இறக்கத்தின் நடுவே கியர் மாற்றுதல் கூடாது.

இறக்கத்தில் திருப்பற் கிளச்சுகளைத் தொடாதீர்கள். கைபிடியையே மெல்ல இடமும் வலமும் தள்ளித் திருப்புங்கள்.

முதன்மைக் கிளச்சைப் பிடித்தலும், கியரை நடுநிலையில் விடுதலும் கூடவே கூடாது. எண்ணெய் மிச்சப்படும் என்று எண்ணி அவ்வாறு உருளவிடுவோர் இயந்திரத்தின் பிடியை முற்றாக இழக்கின்றனர்.

பெட்டியிற் கால்பிறேக் இருப்பின் அதனை இறக்கத்தின் தொடக்கத்திலேயே மெல்ல மிதித்து, பெட்டி இயந்திரத்தைத் தள்ளாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் அப்பிறேக்கைச் செப்பனிடுங்கள்.

பெட்டியிற் பாரம் வைக்கும் இடமும் இங்கு முதன்மையானது. பெட்டி ஒற்றை அச்சின்மேல் நிற்பது. ஆதலின் மாட்டு வண்டிலின் விதி அப்படியே பொருந்தும். பின்பாரமானால் பெட்டியின் ஏர்க்கால் கொளுக்கியை மேலே தூக்கும். உழவு இயந்திரத்தின் சில்லுகள் நிலத்தைப் பற்றும் வலு குறையும். ஏற்றத்தில் அவை சுழலும், இறக்கத்திற் சறுக்கும். வீதியிற் சற்று வேகமாகச் சென்றால் பெட்டி பாம்புபோல இருபக்கமும் நெளியத் தொடங்கும். பாரத்திற் பத்தில் ஒரு பங்கேனும் கொளுக்கியின்மேற் பதியுமாறு, கனமானவற்றை அச்சுக்குச் சற்று முன்னே அடுக்குங்கள். அதே வேளை, கொளுக்கிக்கு உரிய எல்லையை மீறி முன்பாரம் ஆக்குதலும் நன்றன்று.

பெட்டி நெளியத் தொடங்கின் அதனைச் சுக்கானால் அடக்க முயலாதீர்கள். சடுதியாகப் பிறேக் பிடிக்காதீர்கள். கைபிடியை நேராகப் பிடித்து, இயந்திர வேகத்தை மெல்லக் குறையுங்கள். வேகம் தணியவே நெளிவு அடங்கும். பின்பு நிறுத்தி மூட்டைகளை முன்னே மாற்றி அடுக்குங்கள்.

6. நான்குசில்லு உழவு இயந்திரம்

நான்குசில்லு உழவு இயந்திரம் பலவற்றிற் பிறேக் பின்சில்லுகளுக்கு மட்டுமே உண்டு. இட வலச் சில்லுகளுக்குத் தனித்தனி மிதிகள் உள்ளன. வயலின் மூலையிற் குறுகத் திரும்புதற்கு இவ்வமைப்பு உதவும். வீதியிலோ பாரத்தோடு விரைந்து செல்லும்போது ஒரு மிதியை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கம் சுழன்று, பெட்டி பக்கவாட்டில் வந்து மோதும். ஆதலின் வயலைவிட்டு வீதியில் ஏறுமுன் இரு மிதிகளையும் இணைக்கும் பூட்டைப் போடுதல் வேண்டும். இவ்வேலைக்கு இரண்டு விநாடி போதும்.

பெட்டியையோ, சேற்றிற் புதைந்த வேறொரு வண்டியையோ இழுக்கும்போது, தாழ்வாக அமைந்த இழுவைச் சட்டத்திலேயே கொளுவுங்கள். பின்னச்சிலோ, மேற்சட்டத்திலோ சங்கிலியைக் கட்டி இழுத்தால், பின்சில்லுகள் அசையாது நிற்க இயந்திரத்தின் முன்புறம் மேலெழுந்து பின்னே கவிழும். முன்சில்லுகள் எழத் தொடங்கியபின் மீளமுடியாத நிலையை அடைய ஒரு விநாடிகூடச் செல்லாது. ஓட்டுநர் குதிக்க எண்ணுமுன் எல்லாம் முடிந்துவிடும். செங்குத்தான வரம்பிலோ கட்டிலோ ஏறவேண்டியிருப்பின் பெட்டியைக் கழற்றி, இயந்திரத்தைப் பின்னோக்கிச் செலுத்தி ஏற்றுங்கள்.

சுவீடன் நாட்டில் 1959 ஆம் ஆண்டு முதல், புதிய உழவு இயந்திரங்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. இயந்திரம் கவிழ்ந்தாலும் ஓட்டுநருக்கு மேலே வலிய இரும்பு வளைவு ஒன்று நின்று அவரைக் காப்பதே அதன் பயன். பின்னர்ப் பல நாடுகளும் அதனைப் பின்பற்றின. அவற்றிற் கவிழ்வால் நேர்ந்த மரணங்கள் பெரிதும் குறைந்தன. அத்தகைய சட்டம் பொருத்திய இயந்திரம் உங்களிடம் இருப்பின், களஞ்சியக் கூரை தட்டுகின்றது, மரக்கிளை தட்டுகின்றது என்று அதனைக் கழற்றி மூலையிற் போடாதீர்கள். இருக்கைப்பட்டி இருப்பின் அதனையும் அணியுங்கள். பட்டியில்லாதவரைச் சட்டம் முழுமையாகக் காப்பதில்லை.

7. வாய்க்காற் கரையும் பாலமும் காற்றும்

நமது மாவட்டத்தின் வயற்பாதைகள் பெரும்பாலும் வாய்க்காற் கரைகளாம். நீர் ஊறிய கரையின் விளிம்பு பார்வைக்கு உறுதியாகத் தோன்றினும் பாரத்தைத் தாங்காது இடிந்து சரியும். இதற்கு எளிய விதி ஒன்றுண்டு: வாய்க்கால் எத்தனை அடி ஆழமோ, குறைந்தது அத்தனை அடி விளிம்பிலிருந்து விலகிச் செல்லுங்கள். 5 அடி ஆழமான வாய்க்காலாயின் வெளிச்சில்லு விளிம்பிலிருந்து 5 அடி உள்ளே இருத்தல் வேண்டும். அவ்வளவு அகலமில்லாத கரையிற் பாரத்தைப் பாதியாக்கி இரு தடவை செல்லுங்கள். அல்லது தலைச்சுமையாக வீதிவரை கொண்டுசெல்லுங்கள்.

குளக்கட்டுகள் நீரைத் தாங்க அமைந்தவை. பாரவாகனங்களுக்கு அனுமதியில்லாத கட்டின்மேல் அவற்றைச் செலுத்தாதீர்கள். 1986 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை நம்மிற் பலர் மறந்திலர். அவ்வுடைப்புக்குக் கூறப்பட்ட காரணங்களுள் பாரவாகனங்கள் கட்டின்மேற் சென்றமையும் ஒன்றாகும்.

கிண்ணியாவில் முன்னர்ப் பாதையிற் கடந்த நீரை இப்போது 2009 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலத்தாற் கடக்கின்றோம். பயணம் எளிதாயிற்று, ஆயினும் பாலத்தின்மேற் காற்றைத் தடுக்க மரமோ வேலியோ இல்லை. சிறுபோக அறுவடைக் காலத்திற் கச்சான் காற்று பலமாக வீசும். ஊருக்குள் உணராத காற்று, பாலத்தில் ஏறியதும் உயர அடுக்கிய வைக்கோலையும் தளர்ந்த படங்கையும் பாய்போலப் பிடித்துத் தள்ளும். பாலத்தில் ஏறுமுன் வேகத்தைக் குறையுங்கள். படங்கின் நுனிகள் பறவாவண்ணம் கட்டுங்கள். பெரிய லொறியொன்று அருகே கடக்கும்போதும் இத்தகைய காற்றுத் தள்ளுகை உண்டு. சீனக்குடாவின் மா ஆலைக்கும் சீமெந்துத் தொழிற்சாலைக்கும் செல்லும் பாரிய லொறிகள் கந்தளாய் வீதியில் எந்நேரமும் வரும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

வீதியில் நெல் காயவிடுவோர்க்கும் ஒரு வேண்டுகோள். காயும் நெல்லைத் தவிர்க்க விலகும் பாரவண்டி, வீதியின் மறுபக்கத்துக்கோ மண்ணோரத்துக்கோ செல்லவேண்டியதாகின்றது. நெல்லின்மேல் ஏறிய சில்லும் சறுக்கும். இரவில் அக்குவியலும் அதனைச் சுற்றி வைத்த கற்களும் கண்ணுக்குத் தெரியா. களத்திலோ, படங்கு விரித்த முற்றத்திலோ காயவிடுதலே நன்று. மற்றொரு கமக்காரனின் விளைவும் உயிரும் அதனாற் காக்கப்படும்.

8. ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும்

ஓட்டோவுக்கு முன்னே ஒற்றைச் சில்லே உண்டு. வளைவிற் பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னே சென்று, முன்சில்லுக்கும் பக்கச்சில்லுக்கும் இடையே தாங்குவதற்கு எதுவுமின்றி மூலைவாட்டிற் சாயும். ஆகையால் மரக்கறிக் கூடைகளைக் கூரையில் ஏற்றாது, பின்னிருக்கையின் அடித்தட்டில் தாழ வையுங்கள். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, வளைவிற் பிறேக்கைத் தொடாது செல்லுங்கள். மோட்டார் சைக்கிளின் பின்னே மூட்டையைக் கட்டுவோர் அதனை இருக்கையை ஒட்டிக் கட்டுங்கள். பின்னே தள்ளிக் கட்டினால் முன்சில்லு மிதந்து கைபிடி நடுங்கும்.

9. மூட்டையின்மேல் ஆட்கள்

அறுவடை முடிந்த மகிழ்ச்சியிற் கூலியாட்களும் பிள்ளைகளும் மூட்டைகளின்மேல் ஏறிவருதல் வழக்கமாகிவிட்டது. இதனால் இரு தீமைகள் உண்டு. அவர்களின் நிறை அடுக்கின் உச்சியிற் சேர்வதால் வண்டியின் நிலைப்புக் குறையும். வண்டி கவியுமாயின் முதலில் வீழ்வோர் அவர்கள். அவர்கள்மேல் வீழ்வன மூட்டைகளும் பெட்டியுமாம். உழவு இயந்திரத்தின் சில்லுக்காப்பின்மேற் பிள்ளையை அமர்த்திச் செல்லுதல் அதனினும் கொடிது. ஆட்களை வேறு வண்டியில் அனுப்புங்கள். அல்லது இரண்டாம் தடவை வந்து ஏற்றிச் செல்லுங்கள். அதற்காகும் எண்ணெய்ச் செலவைக் கூலியின் ஒரு பகுதியாகக் கணக்கிடுங்கள்.

10. புறப்படுமுன் பார்க்கவேண்டியவை

1. கனமானவை கீழேயும், அச்சுக்கு முன்னேயும் உள்ளனவா?

2. பக்கத்தே விலகி நின்று பார்க்கும்போது வாகனம் மட்டமாக நிற்கின்றதா?

3. ஈரநெல்லாயின் மூட்டை எண்ணிக்கையைக் குறைத்தீர்களா?

4. டயர்களிற் காற்றும், பெட்டியிற் பிறேக்கும் சரியாக உள்ளனவா?

5. கொளுக்கியின் முளைக்குக் காப்பூசி போடப்பட்டுள்ளதா?

6. பிறேக் மிதிகள் இரண்டும் இணைக்கப்பட்டுள்ளனவா?

7. கயிறும் படங்கும் இறுகக் கட்டப்பட்டுள்ளனவா?

8. இரவாயின் பெட்டியின் பின்னே விளக்கோ ஒளிதெறிக்கும் சிவப்புத் தகடோ உள்ளதா?

9. மூட்டைகளின்மேல் எவரும் அமர்ந்திலரா?

புறப்பட்டதும் வெறுவீதியில் மெதுவாகச் சென்று ஒரு முறை பிறேக் பிடித்துப் பாருங்கள். ஒரு முறை சிறிது திருப்பிப் பாருங்கள். வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கின்றது, எவ்வாறு திரும்புகின்றது என்பதைக் கை அறிந்துகொள்ளட்டும். ஐயம் உண்டாயின் அங்கேயே நிறுத்திச் சில மூட்டைகளை இறக்கிவிடுங்கள். இறக்கிய மூட்டைகளை எடுக்க மீண்டும் வருதற்கு ஒரு மணி நேரம் செல்லலாம். அம்மூட்டைகள் உங்களுக்காக அங்கே காத்திருக்கும்.

இவ்வறிவுரைகளிற் தெளிவு வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக. அடுத்த அறுவடைக்கு முன்னர், கமக்காரர் அமைப்புக் கூட்டமொன்றில் இதனை எல்லோரும் கேட்க வாசித்து, இருசில்லு இயந்திரத்தை இறக்கத்தில் செலுத்தும் முறையை வெறும் பெட்டியோடு இளைஞர்க்குச் செய்து காட்டுவது பெரும்பயன் தரும்.